இரண்டாம் வகுப்பின் தண்ணீர்

இரண்டாம் வகுப்புக்கு மூலக்கூறு என்றால் என்னவென்று பிலோமினா டீச்சர் விளையாட்டாகவே சொல்லிக்கொடுத்தாள். பர்வீனை நடுவில் நிறுத்தி ஆக்சிஜன் என்றாள். அவளுக்கு இருபுறமும் நின்ற இன்பசேகரும் மகிழினியும் ஹைட்ரஜன். "மூணு பேரும் கையைப் பிடிச்சிருந்தாத்தான் தண்ணி. விட்டுட்டா தண்ணியே இல்ல" என்று அழுத்திச் சொன்னதுதான் வினையாகிவிட்டது. மதியம் பர்வீனுக்கு மற்ற இருவரும் மாறி மாறிச் சோறு ஊட்டினார்கள். மாலை மணி அடித்தும் பிடி தளரவில்லை. வாசலில் மூன்று அம்மாக்கள் மூன்று ஸ்கூட்டரோடு காத்திருந்தார்கள்.

"போதும், விடுங்க கண்ணுகளா" என்றாள் டீச்சர்.

"ஊர்ல தண்ணி இல்லாமப் போயிடுமே டீச்சர்" என்றாள் பர்வீன், கண் கலங்கி. அவள் தெருக்குழாயில் தண்ணீர் வந்து ஏற்கெனவே எட்டு நாளாகியிருந்தது.

மகிழினியின் அம்மா டீச்சர் பக்கம் திரும்பினாள். "நீங்கதானே சேத்து வெச்சீங்க. பிரிக்கிறதுக்கும் ஒரு வழி படிச்சிருப்பீங்கல்ல?"

பிலோமினா படித்திருந்தாள். தண்ணீரைப் பிரிக்க வேண்டுமென்றால் அதில் மின்சாரம் பாய்ச்ச வேண்டும். அதை அந்த மூன்று அம்மாக்களிடம் எப்படிச் சொல்வதென்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.