போலம்மாவின் தாடைப் படம்

விசாகப்பட்டினம் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில், மீன்காரி போலம்மா வீங்கிய தாடையை மெஷினில் வைத்து நிற்கிறாள். மார்பில் வந்த புற்றுநோய் தாடைக்கும் ஏறிவிட்டதா, வெறும் பல் சீழா என்று படம் பார்த்தால்தான் தெரியும். "இந்தக் குச்சியைக் கடிச்சுக்கிட்டு அசையாம நில்லும்மா. அசைஞ்சா படம் கலங்கிரும்," என்கிறான் படமெடுப்பவன். "வலி தாங்க மாட்டீங்க அத்தை, வீட்டுக்குப் போயிரலாம்," என்று வாசலில் மருமகள் கௌரி அழுகிறாள். "போடீ. எங்க கடற்கரைப் பொம்பளைங்க வழக்கப்படி நெருப்பு முனையை வாய்க்குள்ள வச்சே நாப்பது வருஷம் சுருட்டு குடிச்சவ நான். இந்தக் குச்சியா என்னை அசைக்கும்?" கடிக்கிறாள். மெஷின் முனகியபடி அவள் தலையைச் சுற்றுகிறது. சிவப்பு வெளிச்சக் கோடு கன்னத்து வீக்கத்தில் வளைந்து கிடக்கிறது. கண்ணில் நீர் கொட்டுகிறது. தாடை மட்டும் கல்லாக நிற்கிறது. மெஷின் ஓய்ந்ததும் குச்சியை விடுகிறாள். "கண்ணைத் தொடைடி கௌரி. படத்தை முதல்ல நான் பாக்குறேன். அழணுமா வேணாமான்னு அப்புறம் சொல்றேன்."