பதினேழாம் பக்கத்துக் கலவை

"போன வாரம் குடுத்த புகையிலையில லட்டாக்கியா இலை கொஞ்சம் தூக்கல், நார்மன்."

"தூக்கல்னா எப்படிய்யா? நாக்கைக் கடிக்குதா, தொண்டையைக் காய வைக்குதா?"

லெஸ்லி நெற்றியைச் சொறிந்தார். "அதை நாளைக்கு வந்து சொல்றேனே."

"இங்கேயே ஒரு பைப் பத்த வச்சுப் பார்த்துச் சொல்லு. நாக்கை வீட்டுல வச்சிட்டு வந்துட்டியா?"

"ஆமா, அங்கதான் இருக்கு," என்று சிரித்துக்கொண்டே தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் சொன்னபடியே வந்து, தொண்டைதான் என்றார்.

இப்படி முப்பது வருடம். லெஸ்லி பார்க்கினை அடக்கம் செய்து இன்றோடு மூன்று வாரம். லட்லோ ஊர்க் கடைத்தெருவில் மழை பெய்துகொண்டிருந்தது. நார்மன் தன் புகையிலைக் கடைக் கல்லாவுக்குப் பின்னால் நின்று, பழைய பேச்சுகளை மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தார்.

கதவு மணி அடித்தது. உள்ளே வந்தவர் லெஸ்லியின் மனைவி எனிட்.

நார்மன் சட்டென்று நிமிர்ந்து நின்றார். எனிட் பெண்கள் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை. சிகரெட்டோடு பிடிபட்ட மாணவிகளை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறவர். இந்தக் கடை வாசலை மிதித்ததே இல்லை.

"உக்காருங்க, மிஸஸ் பார்க்கின். தூங்குறீங்களா?"

"படுத்துக்கறேன்."

"சாப்பாடு?"

"அக்கா வந்து ஏதோ வைக்கிறா. என்ன வச்சான்னு ஞாபகம் இல்லை."

அடக்கத்தன்றும் அவர் அழவில்லை. யாருடைய பிரார்த்தனைக்கோ போய் உட்கார்ந்தவர் போலத்தான் இருந்தார். குடையிலிருந்து சொட்டும் தண்ணீர் ஷூவை நனைப்பதுகூட இப்போது அவருக்குத் தெரியவில்லை.

நார்மன் கலவைப் புத்தகத்தை எடுத்து வைத்தார். வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு பக்கம் உண்டு. பெயர், எந்த இலை எத்தனை அவுன்ஸ், எத்தனை கரண்டி என்ற கணக்கு, அவ்வளவுதான். பதினேழாம் பக்கத்தில் 'எல். பார்க்கின்' என்றிருந்தது.

"நீங்க வந்தது நல்லதுதான். ஒருத்தர் போயிட்டா அவரு பக்கத்தைச் சிவப்பு மையில அடிச்சிடுவோம். எங்க அப்பா காலத்துப் பழக்கம். உங்ககிட்ட சொல்லாம செய்ய மனசு வரலை."

"அடிச்சிட்டா?"

"அந்தக் கலவையை அப்புறம் யாருக்கும் போட மாட்டோம். அவரோடயே போயிடும். அதுதான் மரியாதை."

"யாராவது கேட்டா?"

"யார் கேட்டாலும்."

எனிட் மடியில் இருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

நார்மனுக்குப் பாவமாக இருந்தது. "கடைசியா ஒரு டப்பா போட்டுத் தரேன். அவரு நாற்காலிப் பக்கத்துல திறந்து வைங்க. வாசனையாவது இருக்கட்டும்."

பொன்னிற வர்ஜீனியாவை நிறுத்துக் கொட்டினார். அதன்மேல் கறுத்த லட்டாக்கியா. விறகுப் புகையில் மாதக்கணக்கில் வாட்டிய இலை அது. அணைந்த அடுப்பும் மழையில் நனைந்த குதிரைச் சேணமும் கலந்தாற்போல ஒரு மணம் கடை முழுக்க எழுந்தது. துருக்கி இலையில் கொஞ்சம் சேர்த்து, விரலால் உதிர்த்துக் கலந்தார்.

எனிட் குனிந்து முகர்ந்தார். மறுபடியும் ஒருமுறை முகர்ந்தார்.

"துருக்கி இலை குறையுது."

"இல்லையே, சரியாத்தான்..."

"குறையுது. இப்படிப் பிடிச்சா புளிப்பே தெரியாது. பாதி பைப்புலயே நாக்கு வறண்டுடும்."

நார்மன் புத்தகத்தைப் பார்த்தார். இரண்டு கரண்டி போட வேண்டிய இடத்தில் ஒன்றுதான் போட்டிருந்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"லெஸ்லி சொல்ற மாதிரியே சொல்றீங்க. கேட்டுக் கேட்டு உங்களுக்கும் பழகிடுச்சு போல."

நார்மன் இன்னொரு கரண்டியைச் சேர்த்து டப்பாவை மூடினார். பிறகு சிவப்பு மைப் பேனாவின் மூடியைக் கழற்றி, பதினேழாம் பக்கத்தின் குறுக்கே அளவுகோலை வைத்தார்.

கையுறை போட்ட ஒரு கை அளவுகோலின் மேல் வந்து அமர்ந்தது. மூன்று வாரத்தில் முதல்முறையாக எனிட்டின் கன்னங்கள் சிவந்திருந்தன.

"அவரு பேரை மட்டும் அடிச்சிட்டு, முப்பது வருஷமா இதைப் பிடிக்கிற என் பேரை எழுதுங்க."