திரையில் தமயந்தி

ஆறரைக்கு எழுந்தேன். அரிசி களைந்து குக்கரில் வைத்தேன். குளித்துவிட்டு ரயில் ஏறினேன். ஒசாகாவில் உள்ள எங்கள் மாநில அரசின் வணிக, பண்பாட்டு அலுவலகத்துக்கு ஏழு நிறுத்தங்கள்.

வரவேற்பறைத் திரையில் என் மனைவி தமயந்தி இருந்தாள். அங்கே வேலை பார்த்தவள். இறந்து ஓராண்டு ஆகிறது. அலுவலகப் பதிவுகளையும் நான் கொடுத்த வீட்டு வீடியோக்களையும் வைத்து அவளைப் பேச வைக்கிறார்கள். வருகிற எல்லாரிடமும் அவரவர் மொழியில் "சாப்டீங்களா?" என்கிறாள். ஜப்பானிய வணிகர்கள் என்னென்ன சாப்பிட்டோம் என்று பொறுமையாக விளக்குகிறார்கள்.

அவள் முகத்தையும் குரலையும் பயன்படுத்த நான் தந்த ஒப்புதல் இன்றோடு முடிகிறது. இனி தர மாட்டேன் என்று எழுதிக் கொடுக்கப் போயிருந்தேன்.

"டேய் சோடாபுட்டி," என்றாள் திரையில். "இன்னும் முப்பது நாட்டுல நான் பேசணுமாம். எனக்காக ஒரு கையெழுத்துப் போடேன்."

அவள் வீட்டில் மட்டும் என்னை அழைத்த பெயர் அது.

"நாங்க கேட்டா மாட்டேங்கிறீங்க தம்பி," என்றார் இயக்குநர் தேவசகாயம். "அதான் அவங்களையே கேக்க வச்சோம்."

கையெழுத்துப் போட்டேன். வெளியே வரும்போது அடுத்த விருந்தினரிடம் அவள் பேசத் தொடங்கியிருந்தாள்.

மருத்துவமனையில் அவள் கடைசியாகச் சொன்னது இதுதான்: "பேசிப் பேசி அலுத்துப்போச்சுடா. கொஞ்ச நேரம் சும்மா இருக்கேனே."