கரடிப் பெட்டி

ஏழாவது படிக்கும் என் தம்பி, பள்ளிக்கூடக் கழிவறையில் வேப் என்கிற மின்சிகரெட்டை இழுத்து, மூச்சுத் திணறி விழுந்துவிட்டான். ஏற்கெனவே இழுப்பு உள்ள பிள்ளை.

ஆஸ்பத்திரியில் முகத்தில் மாஸ்க் மாட்டி, மருந்தை ஆவியாக விட்டார்கள். காலையில் வேப் ஆவி, மதியம் மருந்து ஆவி.

அப்பா வந்ததும் வார்டே திரும்பிப் பார்த்தது. கம்பெனிகளுக்குப் பெட்டி, டப்பா மேலே போடுகிற படங்களை வரைந்து கொடுப்பது அவர் தொழில். பள்ளியில் பெற்றோர் சங்கத் தலைவர் வேறு. போன வாரம்தான் 'பிஞ்சுகளைக் காப்போம்' என்று மேடையில் பேசினார். மைக்குக்கே மூச்சு வாங்கியது.

"எவன்டா உனக்குப் பழக்கினது?"

தம்பி மாஸ்க்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். உடனே அப்பாவுக்கு என் ஞாபகம் வந்தது.

"படிப்பை விட்டுட்டு ஒருத்தி வீட்டுல உட்கார்ந்திருந்தா, சின்னது இப்படித்தான் வரும்."

எங்கள் வீட்டில் குழாய் ஒழுகினாலும் காரணம் நான்தான்.

"அவளை விடுங்க. வித்தவனைப் போய்க் கேளுங்க," என்றாள் அம்மா.

"சும்மா விடுவேனா? பிள்ளைங்க உயிரை வித்து ஒரு பொழைப்பா? அந்தக் கடைக்காரனை உள்ள தள்ளாம ஓய மாட்டேன்."

போனை எடுத்து போலீஸ் நம்பரைத் தேடினார்.

"சார், இது வார்டு. மெதுவா," என்றார் நர்ஸ். அப்பா குரலை ஒரு நூல் குறைத்தார்.

நர்ஸ், தம்பியின் சட்டைப்பையில் இருந்ததை எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். மஞ்சள் பெட்டி. கூலிங்கிளாஸ் போட்ட ஒரு கரடி, ஸ்ட்ராபெரியை நக்கிக்கொண்டிருந்தது.

"மிட்டாய்ப் பெட்டி மாதிரியே இருக்கு பாருங்க. சின்னப் பசங்க ஏமாறணும்னே வரைஞ்சிருக்கான். இந்தக் கரடியைப் போட்டவன் கை விளங்குமா?" என்றாள் அம்மா.

அப்பா போனை அணைத்தார். இரண்டு கையையும் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

"என்னங்க, போலீசுக்குப் பேசலையா?"

"இப்ப எதுக்கு அதெல்லாம்? ஸ்கூல் பேர் கெட்டுடும்."

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. தம்பியின் தலையைத் தடவினாள்.

"கடையில எத்தனையோ இருந்திருக்கும். இதைப் போய் ஏன்டா கண்ணு எடுத்தே?"

தம்பி மாஸ்க்கை விலக்கினான்.

"அப்பாதாம்மா அன்னைக்கு மூணு படம் காட்டி, கடையில பார்த்தா எதை எடுப்பேன்னு கேட்டாரு. கரடின்னு சொன்னேன். கரடியைத்தான் எடுத்தேன்."