ஈரச் சுவர்

அன்பரசு விரல் வைத்ததும் சுவரின் மேல்தோல் அப்பளம் போல உதிர்ந்தது. கூடவே ஒரு கல்வெட்டு எழுத்தும்.

சிதம்பரத்துக்குக் கிழக்கே, வயல்களுக்கு நடுவே இருக்கும் பழைய சிவன் கோயில் அது. போன ஐப்பசியில் அவன்தான் கடலூரிலிருந்து ஆட்களோடு வந்து, சுவரில் படிந்திருந்த பாசியை எடுத்துவிட்டு, மறுபடி பிடிக்காமலிருக்க ரசாயனப் பூச்சு அடித்தான்.

கல் நன்றாகக் காய்ந்த பிறகுதான் அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே சிக்கிய ஈரமும் உப்பும் வெளியேற வழியில்லாமல் கல்லைப் பெயர்த்துக்கொண்டு வரும். வேதியியல் படித்தவனுக்கு இது தெரியாததல்ல.

மழை விட்ட இரண்டாம் நாளே அடித்தான். குடமுழுக்குக்குத் தேதி குறித்தாயிற்று என்று மேலே அவசரப்படுத்தினார்கள். அவனும் வாயைத் திறக்கவில்லை.

இப்போது பதினொரு வரியில் நான்கு வரி இல்லை. ஆயிரம் வருடம் மழைக்கும் புயலுக்கும் அசையாமல் நின்ற எழுத்து.

கோயிலைப் பெருக்கும் இளவரசி துடைப்பத்தைச் சாத்திவிட்டு வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். உதிர்ந்த சில்லுகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி ஒரு ஊறுகாய் ஜாடியில் வைத்திருந்தாள்.

"வவ்வா எச்சம் நாறுதேன்னு பொங்கலுக்கு முன்னாடி ரெண்டு கொடம் தண்ணி ஊத்திக் கழுவுனேன் சார். அதனாலதான் சாமி எழுத்து போயிடுச்சாம், இந்த மாசத்தோட நின்னுக்கச் சொல்லிட்டாங்க. நெசமா சார்?"

அன்பரசு சுற்றுமுற்றும் பார்த்தான். பிராகாரத்தில் வேறு யாரும் இல்லை.

"ரெண்டு கொடம் தண்ணியில கல்லு கொட்டுமாம்மா? ஒங்க மேல தப்பே இல்ல."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான்கு நாளாகச் சோறு இறங்கவில்லை என்றாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, இதை ஆபீசில் ஒரு வார்த்தை சொல்ல முடியுமா, படித்தவர் சொன்னால் கேட்பார்கள் என்றாள்.

"சொல்றேம்மா" என்றான். அவள் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னான்.

படித்தவர் சொல்லித்தான் ஆபீசில் கேட்டிருந்தார்கள். திங்கட்கிழமை, இந்தச் சுவரை வந்து பார்ப்பதற்கு முன்பே, கடலூரில் உட்கார்ந்தபடி, போனில் கேட்டதை வைத்து, சேத அறிக்கையில் 'காரணம்' என்ற இடத்தில் 'துப்புரவுப் பணியாளர் தண்ணீர் ஊற்றிக் கழுவியது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் அவன்தான்.