திரைக்குள்ளே இரண்டு பற்றரி

பேராதனைச் சந்தியில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்க இறங்கிய மஹ்மூத் முதலாளி, திரும்பி வந்து ஸ்டார்ட்டரை அமுக்கினார். கார் ஒரு முனகல்கூட முனகவில்லை.

ஹோர்னும் ஊமை. முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்றிப் பார்த்ததில் அவருடைய தோள்தான் கழன்றது.

மதியத்து ளுஹர் தொழுகைக்கு முன்னால் பிலிமத்தலாவையில் நிற்க வேண்டும். ஹாஷிம் ஹாஜியார் வீட்டில், ஹாஜியாருக்கும் முதலாளியின் மூத்த மகள் ஹிதாயாவுக்கும் கலியாணப் பேச்சு. ஹாஜியாருக்கு இரண்டு கடை, ஒரு நெல் ஸ்டோர், அடக்கம் செய்த மனைவிமார் இருவர். பிந்தினால் நாவலப்பிட்டிக்காரர் பெண் கொடுத்துவிடுவார்கள் என்று முதலாளியின் ஊரான கட்டுகஸ்தோட்டையே பேசிக்கொண்டது.

ஹிதாயா மூன்று நாளாகக் காய்ச்சல் என்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். காய்ச்சல் மாறிவிடும், ஹாஜியார் கிடைப்பாரா என்பது முதலாளியின் கட்சி.

பஸ்ஸுக்கு நின்றவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டுக் காரைப் பார்க்க வந்தார்கள்.

சந்தியில் கராஜ் வைத்திருந்த யாழ்ப்பாணத்து முத்துலிங்கமும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். பற்றரி எங்கே என்று கேட்டார்.

அங்கேதான் வில்லங்கம்.

அது ஒரு தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன கார். துரைக்கு எதுவும் ஒன்று போதாது போலும், அதில் பற்றரியும் இரண்டு. ஒன்றோடொன்று கம்பியால் பிணைத்திருக்கும். ஒன்று படுத்தால் மற்றதும் உதவாது.

இரண்டும் பின்சீட்டுக்குக் கீழே. பின்சீட்டில், சுற்றிலும் திரை கட்டி, முதலாளியின் மனைவி சித்தி றலியா.

கொஞ்சநேரம் தன் வீட்டுக்குள் வந்து இருக்கும்படி முத்துலிங்கத்தின் மனைவி அன்னலட்சுமி வந்து கூப்பிட்டாள். முன்பின் தெரியாத வீடாம், மாட்டேன் என்று பதில் வந்தது. இரண்டு பக்கமும் படுக்கை விரிப்பைப் பிடிக்கிறோம், நடுவால் நடந்து வரட்டும் என்றார்கள். விரிப்பு மெல்லிசாம்.

அந்நிய ஆண் கண்ணில் படாத கோஷாவை இருபது வருஷமாக மனைவிக்குப் படித்துக் கொடுத்தவர் முதலாளி. இப்போது எந்த வாயால் இறங்கச் சொல்வது? அவளை விட்டுவிட்டு பஸ்ஸில் போகவும் வழியில்லை. பெண்ணின் தாய் வராமல் பேச்சில்லை என்று ஹாஜியாரின் உம்மா சொல்லியிருந்தார்.

கடைசியில், உள்ளிருந்தபடி அவளே பார்ப்பது என்று முடிவாயிற்று.

சித்தி றலியா அந்நிய ஆணின் காதில் விழப் பேசமாட்டாள். முத்துலிங்கம் கேட்டதை முதலாளி திரையிடம் சொன்னார். திரை முணுமுணுத்ததை முத்துலிங்கத்திடம் சொன்னார். எல்லாம் மூவருக்கும் கேட்டது. சந்திக்கும் கேட்டது.

இரண்டையும் பிணைக்கிற கம்பி இறுக்கமா? இறுக்கமாம்.

முத்துலிங்கம் ரப்பர் குமிழ் பொருத்திய ஒரு கண்ணாடிக் குழாயைத் திரைக்கு அடியால் நீட்டினார். பற்றரி மூடியைக் கழற்றி, குழாயால் அசிட்டை உறிஞ்ச வேண்டும். குழாய்க்குள் மூன்று மணிகள். மிதந்தால் பற்றரிக்கு உயிர் உண்டு, தாழ்ந்தால் இல்லை.

"மிதக்குதா, தாளுதா? செல்லு புள்ள," என்றார் முதலாளி.

இடப்பக்கத்துப் பற்றரியில் மூன்றும் தாழ்ந்துவிட்டனவாம்.

புதியதொன்றை இரண்டு பேர் தூக்கி வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு திரைக்குள் தள்ளினார்கள். கூடவே ஒரு ஸ்பானரும் போயிற்று. ஒரு பானை சோறு வடிக்கிற நேரம் கழித்துப் பழையது வெளியே வந்தது.

முதலாளி ஸ்டார்ட்டரை அமுக்கினார். பழைய மௌனம்.

வலப்பக்கத்திலும் மணிகள் தாழ்ந்திருப்பதாகத் திரை சொல்லிற்று.

"காலையில நல்லா ஓடின வாகனம். ரெண்டும் ஒண்டா மவுத்தாகுமா?"

"ஒண்டாச் சாகாதுதான், முதலாளி. ஆனா அம்மா அளந்து சொல்லேக்க நான் என்னெண்டு மறுக்கிறது?" என்றார் முத்துலிங்கம்.

இரண்டாவது புதியதும் உள்ளே போயிற்று. பள்ளிவாசலில் ளுஹர் பாங்கு கேட்டது. முதலாளி தொப்பியைக் கழற்றினார், போட்டார், மறுபடி கழற்றினார்.

இரண்டாவது பழையது வெளியே வந்தபோது குழாயும் அதோடு வந்தது. முத்துலிங்கம் சும்மா இருக்கமாட்டாமல் மூடியைத் திறந்து அசிட்டை உறிஞ்சினார்.

மூன்று மணியும் மிதந்தன.

எழுந்து போய் முதலாவது பற்றரியிலும் பார்த்தார். அங்கும் மூன்று. குழாயை முதலாளியின் கண்ணுக்கு நேரே பிடித்தார். பற்றரியில் பிழையில்லை என்றால், இறுக்கம் என்று சொன்ன கம்பிதான் கழன்று கிடந்திருக்கிறது.

முதலாளிக்கு முதலில் ஏறியது கோபம்தான். யாரும் பார்க்குமுன் அந்தப் பற்றரியை ஓரமாக வைத்துவிடக் குனிந்து தூக்கினார். அது முழங்காலுக்குக்கூட எழவில்லை. மூச்சு வாங்கியபடி திரும்பவும் தரையில் வைத்தார்.

திரைக்கு அடியில் சேலைக் கரை கொஞ்சம் தெரிந்தது. அசிட் தின்று அரித்த ஓட்டைகள். அதைப் பிடித்திருந்த விரல்கள் சிவந்து வெந்திருந்தன.

அப்போதுதான் சைக்கிளில் வந்து இறங்கினான் பாயிஸ், ஹாஜியாரின் தங்கை மகன். நாவலப்பிட்டிக்காரர் பேச்சு முறிந்து எழுந்து போய்விட்டார்களாம். மாமா சாப்பிடாமல் காத்திருக்கிறாராம். எவ்வளவு பிந்தினாலும் வரட்டாம்.

உள்ளே ஸ்பானர் சத்தம் நின்றது.

முத்துலிங்கம் குழாயை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

முதலாளி சைக்கிளைப் பார்த்தார். முன்சீட்டில் கிடந்த வாழைப்பழச் சீப்பைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார்.

"மாமாட்ட செல்லுங்க தம்பி. ரெண்டும் மவுத்து. இனி இந்தக் கார் பிலிமத்தலாவைப் பக்கம் ஓடாது."

பாயிஸ் சைக்கிளைத் திருப்பினான்.

உள்ளே ஸ்பானர் மறுபடி கேட்டது. இந்த முறை வேலை முடிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.