ஆகஸ்ட் அறுவடை

"காளை செத்துப்போச்சு. விதைப்புக்குள்ள நிலத்தை யாருய்யா புரட்டுறது?" என்று ரொசௌரா காலையிலேயே கணவனைப் பிடித்துக்கொண்டாள்.

"சந்தைக்குப் போயிட்டு வரேன்" என்று நழுவிய எவரிஸ்தோ, ஒரு மூட்டை உருளைக்கிழங்கோடு திரும்பினான்.

"காளைக்கு வழி கேட்டா கிழங்கு வாங்கிட்டு வர்றியே?"

"சாயங்காலம் குஸ்கோ பஸ்ல வெள்ளைக்காரப் பிள்ளைங்க மூணு பேர் வர்றாங்கல்ல. பண்ணை வேலை கத்துக்கணுமாம்."

"அதுக்காக இவ்வளவா? அதுவும் பூரா மண்ணு."

"மண்ணோட இருக்கறதைத்தான் தேடி வாங்கினேன்."

மறுநாள் உச்சிவேளையில் வயலில் கூச்சல் கேட்டு ரொசௌரா ஓடினாள். ஒரு பெண் உருளைக்கிழங்கைக் கன்னத்தில் வைத்து ஆனந்தமாக அழுதுகொண்டிருந்தாள். மற்ற இருவரும் பேய் பிடித்ததுபோல் மூலைக்கு மூலை கொத்திக்கொண்டிருந்தார்கள்.

மே மாதமே அறுவடை முடிந்த வயலில் ஆகஸ்டில் ஏது கிழங்கு? அவள் திரும்பிப் பார்த்தாள். எவரிஸ்தோ மும்முரமாக வானத்தைப் பார்த்தான்.

சாயங்காலத்துக்குள் வயல் முழுக்கப் புரண்டு கிடந்தது. அறுவடைக் கூடை அடுப்படிக்கு வந்தது. ரொசௌரா பானையை எடுத்தாள்.

"அதுல கை வைக்காதேடி. அவங்களுக்குச் சோளம் அவிச்சுப் போடு" என்றான் எவரிஸ்தோ. "இன்னிக்கு ராத்திரி மேல் வயல்ல புதைக்க வேற கிழங்கு இல்ல."